வலது கால் ஒடிந்த இறால்: எலப்புள்ளியிலிருந்து தேவிகுளத்துக்கு, மே 1975

பாலக்காட்டிலிருந்து உடுமலை வழியாகத் தேவிகுளம் போகலாமா, எவ்வளவு நேரம் ஆகும், வழியில் சாப்பாடு கிடைக்குமா என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். போகலாம். நான் முதல் தடவை போனது 1975 மே மாதம். அப்போது எழுதி வைத்த நோட்டு இன்னும் கையில் இருப்பதால் நேரம், தூரம், பஸ் கட்டணம் எல்லாம் சரியாகவே சொல்ல முடியும். ஆனால் ஒன்று. நான் அருவி பார்க்கவோ தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளவோ போகவில்லை. ஒரு ஆண் இறாலைத் தேடிப் போனேன். அருவி வேண்டுபவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் எலப்புள்ளி. எங்கள் வயலை ஒட்டி ஓடும் கோரையாற்றில் ஒரு வகை இறால் உண்டு. எங்கள் பக்கம் கொஞ்சு என்போம், மலையாளம் கொடுத்த சொல். சின்ன வயதிலிருந்து குழம்பில் பார்த்த கொஞ்சை முதல் முறையாக நுண்ணோக்கியில் வைத்தபோது அது என்னிடமிருந்த எந்தப் புத்தகத்தோடும் ஒத்துப் போகவில்லை. என் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "புதுசா இருக்கலாம்" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அந்த இரண்டு வார்த்தைக்கு நான் இரண்டு வருடம் உழைத்தேன்.

ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். வளர்ந்த ஆண் ஒன்று வேண்டும், பெரிய கால்களோடு. இறாலுக்குப் பத்துக் கால். முன்னாலிருந்து இரண்டாவது ஜோடி, ஆண்களுக்கு நீளமாக வளர்ந்து நுனியில் கொடுக்கோடு இருக்கும். ஆற்று இறால்களில் ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க அந்தக் கால்தான் முக்கியமான ஆதாரம். எந்தக் கணு எவ்வளவு நீளம், கொடுக்கில் எத்தனை பல், முள் இருக்கிறதா ரோமம் இருக்கிறதா, எல்லாம் அதில்தான். அது இல்லாமல் புது இனம் என்று எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான்.

என் பாட்டில்களில் பதினொரு பெண்ணும் ஆறு ஆணும் இருந்தன. ஆறு ஆணுக்கும் அந்தக் கால் இல்லை. காரணம் என் அண்ணன் நாச்சிமுத்து.

எங்கள் ஊரில் கொஞ்சைப் பிடித்த கையோடு பெரிய கால்களை ஒடித்துவிடுவார்கள். ஒடிக்காவிட்டால் கூடைக்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், எடுக்கிறவர் விரலையும் பதம் பார்க்கும். நான் சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஊர் போய்ச் சேருவதற்குள் அண்ணன் பிடித்து, ஒடித்து, கழுவி, ஈரத்துணியில் சுற்றித் தயாராக வைத்திருப்பார். அந்த ஜனவரியில் பேராசிரியர் நிபந்தனை போட்டதும், ஒடிக்காதீர்கள் என்று முதல் வாரம் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த வாரமும் ஒடித்திருந்தார். கோபித்துக்கொண்டேன்.

"பழக்கம் அம்மிணி, கை தானாப் போயிருது. அதுமில்லாம உன்ற வெரலைக் கடிச்சுப் போட்டா ஆரு பதில் சொல்றது?" என்றார்.

மூன்றாவது சண்டைக்கு அவர் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். அதற்குள் பிப்ரவரி வந்து ஆறு மணலாகிவிட்டது. ஜூனில் மழை வந்து, தண்ணீர் ஓடி, கொஞ்சு பெரிதாக ஆகஸ்ட் ஆகும். என் உதவித்தொகை ஜூன் முப்பதோடு முடிகிறது. அப்பா எனக்குக் கொடுத்திருந்த தவணையும் அதே நாள்தான். அதற்குமேல் படிப்பு இல்லை, வீட்டுக்கு வந்துவிட வேண்டும். என் ஜாதகத்தை ஏற்கெனவே மஞ்சள் தடவி வெளியே எடுத்து வைத்திருந்தார்கள்.

இந்த நிலைமையில் ஸ்டெல்லாவின் கடிதம் வந்தது. ஸ்டெல்லா என்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவள், அப்போது தேவிகுளத்துக்குக் கீழே ஒரு ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். 'இங்கே ஓடையில் உடம்பைவிடக் கை நீளமான இறால் இருக்கிறது, தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பிடித்துச் சாப்பிடுகிறார்கள், உனக்கு ஆகுமா?' என்று எழுதியிருந்தாள். என் கொஞ்சுதான் மலையிலும் இருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். எதை வைத்து முடிவு செய்தாய் என்று கேட்டால், அவசரத்தைத் தவிர வேறு பதில் இல்லை.

மே 10, சனிக்கிழமை. காலை 5:40க்கு எலப்புள்ளியில் பஸ் ஏறினோம். தனியாக விட மாட்டோம் என்று வீட்டில் சொன்னதால் துணைக்கு அண்ணன். செய்த பாவத்துக்கு அவரும் கொஞ்சம் அலையட்டும் என்று நானும் மறுப்புச் சொல்லவில்லை. என் துணிப்பையில் ஒரு லிட்டர் ஃபார்மலின், வாய் அகன்ற பாட்டில் நான்கு, பஞ்சு, இடுக்கி, அளவுகோல், பென்சில், ஒரு சின்ன பாட்டிலில் எலப்புள்ளிப் பெண் கொஞ்சு இரண்டு, ஒப்பிட்டுப் பார்க்க. அண்ணன் பையில் கட்டுச்சோறும் போர்வையும்.

கொழிஞ்சாம்பாறைக்கு 70 பைசா. அங்கிருந்து பொள்ளாச்சி பஸ், ஒரு ரூபாய் முப்பது. நடுவில் தமிழ்நாட்டு எல்லைச் சாவடி. கோவையிலிருந்து வாளையார் வழியாக எத்தனையோ முறை பாட்டிலோடு வந்திருக்கிறேன். அங்கே லாரிகளைப் பார்க்கவே ஆட்களுக்கு நேரம் போதாது, என்னை யாரும் கேட்டதில்லை. இங்கே பஸ்ஸில் ஏறிய ஒருவர் என் பையில் கை வைத்தார். மதுவிலக்குக் காலம்.

"இதென்னம்மா பாட்டில்ல?"

"ஃபார்மலின். செத்த பிராணி கெட்டுப்போகாம இருக்க ஊத்தறது."

"தொறங்க."

கிட்டத்தில் மோந்து பார்க்காதீர்கள் என்று சொன்னேன். சொன்னதாலேயே சந்தேகம் வலுத்து, மூக்கைப் பாட்டிலின் வாயில் வைத்து நன்றாக இழுத்தார். பிறகு ஐந்து நிமிடம் சாவடிக்கு வெளியே நின்று கண்ணைக் கழுவினார். நாங்கள் போகலாம் என்று கையை மட்டும் ஆட்டினார். பஸ் புறப்படும்போது அண்ணன் ஜன்னல் வழியாக எட்டி, "மோசமில்லீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். அவருக்கு எந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பது தெரியாது.

பொள்ளாச்சி 8:15. பஸ் நிலையத்துக்கு எதிரில் இட்லி, காப்பி. உடுமலைக்கு 28 கிலோமீட்டர், ஒன்று நாற்பது, 9:50க்கு இறங்கினோம். மூணாறு பஸ் 10:45க்கு, ஆளுக்கு ஆறு ரூபாய் இருபது. உடுமலையிலிருந்து மூணாறு ஏறக்குறைய 85 கிலோமீட்டர்தான், ஆனால் ஐந்தரை மணி நேரம் எடுத்தது. அதில் இருபத்தைந்து நிமிஷம் சின்னாறு காட்டுக்குள் ரோட்டில் நின்ற ஒரு யானைக்குப் போயிற்று. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

"ஏனுங்க, ஹாரன் அடிக்கலாங்களே?" என்று அண்ணன் கேட்டார்.

"நான் அடிக்கலாம். அப்புறம் அது அடிக்கும். உங்களுக்கு அவசரம்னா எறங்கி நடங்க."

அண்ணன் தலையை ஜன்னலுக்குள் இழுத்துக்கொண்டார். மறையூரில் 1:30க்குச் சாப்பாடு, இரண்டு ரூபாய், சோறு தாராளம், குழம்பு சுமார். அங்கே வெல்லம் வாங்கலாம், நன்றாக இருக்கும். அதற்குமேல் வளைவுகள். வாந்தி எடுக்கிறவர்கள் வலது பக்க ஜன்னல் பிடித்துக்கொள்ளுங்கள், நான் இடது பக்கம் உட்கார்ந்து அவதிப்பட்டேன். மூணாறு 4:15. அங்கிருந்து தேவிகுளம் எட்டு கிலோமீட்டர், பங்கு ஜீப்பில் எழுபத்தைந்து பைசா. மாலைக்குமேல் கீழே தோட்டத்துக்கு ஜீப் இல்லை என்றார்கள். தாலுகா கச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். மே மாதத்தில் இப்படிக் குளிருமா என்று அண்ணன் இரண்டு போர்வைக்குள்ளிருந்து என்னைக் கேட்டார், நான்தான் குளிரை வரவழைத்த மாதிரி.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணி ஜீப்பில் 21 கிலோமீட்டர் கீழே இறங்கினோம், போகிற வழியிலேயே தேயிலை முடிந்து ஏலக்காடு தொடங்கிவிடும். தோட்டத்தின் பெயரையும் ஓடையின் பெயரையும் எழுதப் போவதில்லை. காரணம் கடைசியில் சொல்கிறேன். ஸ்டெல்லா ரோட்டிலேயே காத்திருந்தாள். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தோட்டத்து ஆட்கள் வரப் பத்தரை ஆயிற்று.

இறால் பிடிக்கப் போகிறவர் ஞானமுத்து என்று ஸ்டெல்லா அறிமுகம் செய்தாள். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. நாற்பது வயதிருக்கும், கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு ஓடையில் இறங்கினார். அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். மனைவி பாக்கியம் துவைக்கிற துணிகளோடு கொஞ்சம் கீழே, ஓடை குறுகுகிற இடத்தில் நின்றார்.

"எறாலுக்காகவா அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்கீக? எழுதியிருந்தா கருவாடு போட்டு அனுப்பியிருப்பம்லா" என்றார் பாக்கியம்.

ஞானமுத்து பிடிக்கிற முறை எனக்குப் புதிது. எங்கள் ஊரில் கூடை வைப்போம், அல்லது தண்ணீரைக் கட்டி இறைப்போம். இவர் வெறும் கை. இறால் பயந்தால் முன்னால் ஓடாது, வாலை மடித்து அடித்துப் பின்னால்தான் பாயும். அதனால் கல்லின் முன்பக்கம் ஒரு குச்சியை மெதுவாக ஆட்டுவார். இடது உள்ளங்கை கல்லின் பின்பக்கம் தண்ணீருக்குள் காத்திருக்கும். இறால் தானாக வந்து கைக்குள் விழும். இருபது நிமிஷத்தில் இரண்டு பெண், ஒரு சின்ன ஆண். பெண்கள் வயிற்றில் முட்டையோடு இருந்தன. நான் அவற்றை அவசரமாகப் பாட்டிலில் போட்டுவிட்டு அடுத்த கல்லைப் பார்த்தேன்.

அது மாட்டுத்தொட்டி அளவு பெரிய பாறை. அதன் அடியில் தலைவன் இருப்பான் என்றார் ஞானமுத்து. "ஒரு பாறைக்கு ஒருத்தன்தான். மத்தவனை அண்ட விடமாட்டான்." குச்சியை நீட்டினார். குச்சியை ஏதோ பிடித்து இழுத்தது. அவர் சிரித்தார். பிறகு தோள் வரை கையைத் தண்ணீரில் விட்டு, நிமிர்ந்தார்.

நான் அதுவரை புத்தகத்தில்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உடம்பு என் விரல் நீளம்தான். இரண்டு கால்களும் அதைவிட நீளம், கரும்பச்சை நிறம், கணுக்களில் மட்டும் மஞ்சள். இரண்டு வருடம் தேடியது அவர் கையில் உயிரோடு அசைந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே நின்று கணுக்களை எண்ணத் தொடங்கிவிட்டேன். அதனால்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ஸ்டெல்லா முன்பே சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் நேரில் சொல்லிக்கொள்வேன் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஞானமுத்து என்னிடம் கொடுக்கக் கையை நீட்டினார். நீட்டுவதற்கு முன் கட்டைவிரலால் வலது காலை அழுத்தினார். டக்கென்று ஒடிந்து தண்ணீரில் விழுந்தது. கட்டைவிரல் இடது காலுக்குப் போயிற்று.

அந்தக் கட்டைவிரலை யார் தடுத்தது தெரியுமா? எங்கள் அண்ணன். கரையில் நின்றிருந்தவர் எப்போது ஓடைக்குள் இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. வேட்டியோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஞானமுத்துவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஒடிச்சுப் போடாதீங்க. எங்கூட்டுப் புள்ளைக்கு அந்தக் காலுதானுங்க வேணும். நானும் இதே வேலையைத்தானுங்க ரெண்டு வருசமாச் செஞ்சு போட்டேன்."

ஞானமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கைய கடிச்சிருமேன்னு பாத்தேன் டீச்சர். படிக்கிற கைல்லா" என்றார். ஸ்டெல்லாவின் சிநேகிதி என்பதால் நானும் அவருக்கு டீச்சர்.

அவரிடம் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? இருந்தாலும் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

பிறகு எல்லோருமாக அந்த ஒடிந்த காலைத் தேடினோம். ஓடும் தண்ணீரில் ஒரு வைக்கோல் துண்டைத் தேடுகிற வேலை. அண்ணனும் ஞானமுத்துவும் கல் கல்லாகத் தடவினார்கள். கீழே நின்ற பாக்கியம் யாரும் சொல்லாமலே ஒரு சேலையை ஓடையின் குறுக்கே விரித்து, இரண்டு முனையில் கல் வைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து இலை, சருகு, இரண்டு அட்டை இவற்றோடு சேலையில் அந்தக் கால் வந்து ஒட்டியிருந்தது. பாக்கியம் அதை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் பஞ்சில் சுற்றி, அதே ஆணோடு அதே பாட்டிலில் வைத்தேன்.

இன்னொரு தலைவனைத் தேடலாம் என்று இருந்தோம். 12:40க்கு மழை. பத்து நிமிஷத்தில் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. இனி மூன்று நாளைக்கு ஒன்றும் தெரியாது என்றார் ஞானமுத்து. எங்களுக்கு மறுநாள் காலை பஸ். ஆக என் கையில் வளர்ந்த ஆண் ஒன்றே ஒன்று, ஒரு கால் உடம்பில், ஒரு கால் பஞ்சில்.

மழைக்கு அவர்கள் லயத்து வீட்டில் ஒதுங்கினோம். ஒரு நீளக் கட்டிடத்தில் வரிசையாகப் பத்து வீடு, ஆளுக்கு ஓர் அறையும் அடுப்படியும். பால் விடாத கட்டன் சாயாவும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்கிற துவையலும் கொடுத்தார் பாக்கியம். அந்தக் கிழங்கின் ருசிக்கு இன்னொரு பதிவு எழுதலாம். நான் பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்து, எலப்புள்ளியிலிருந்து கொண்டுவந்த இரண்டு பெண்ணையும் பக்கத்தில் வைத்தேன். அளவு, உருவம், தலைமுள், எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் மனம் அடங்கிவிட்டது. பஞ்சில் இருந்தாலும் கால் கிடைத்துவிட்டது, எலப்புள்ளிக் கொஞ்சுக்கு ஆண் கிடைத்துவிட்டது, ஜூன் முப்பதுக்குள் எழுதிவிடலாம்.

டம்ளரை எடுக்க வந்த பாக்கியம் குனிந்து எலப்புள்ளி பாட்டிலைப் பார்த்தார்.

"இது எங்க எறாலு இல்லியே" என்றார்.

"இல்ல, இது எங்க ஊர்லேருந்து. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா? முட்டையப் பாருங்க. இது கசகசா கணக்கா கொள்ளை முட்டை வச்சிருக்கு. எங்க எறாலு முட்டை கடுகு தண்டி இருக்கும், முப்பது நாப்பதுக்கு மேல வைக்காது. எத்தனை ஞாயித்துக்கிழமை அலசியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதுபோலத்தான் இருந்தது. இரண்டு பாட்டிலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எம்.எஸ்ஸி. படித்த கண் காலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் இருந்திருக்கிறது. முட்டை இத்தனை வித்தியாசமாக இருந்தால் இனம் வேறு. அதற்கு ஆராய்ச்சி வேண்டாம், குழம்பு வைக்கத் தெரிந்தால் போதும். இந்த ஆண் எலப்புள்ளிப் பெண்களுக்குச் சொந்தக்காரன் இல்லை. நான் எதற்காக வந்தேனோ அது என் கையில் இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனால் அதைப் பார்க்க முடியாது.

"இங்க பாரு அம்மிணி," என்று தணிந்த குரலில் சொன்னார், "காலு கெடைச்சுதுல்ல. எல்லாம் கோரையாத்துலதான் புடிச்சேன்னு எழுதிப் போடு. ஆரு வந்து பாக்கப் போறாங்க?"

எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். பாட்டிலுக்குள் போடும் அடையாளச் சீட்டை எழுதப் பென்சிலைக் கையில் எடுத்தேன். பிடித்த இடம் என்ற வரிக்கு வந்ததும் கை நின்றது. கோரையாறு என்று எழுத ஒரு நொடி போதும். என் பேராசிரியருக்குத் தெரியாது. ஜாதகம் மறுபடி பெட்டிக்குள் போய்விடும்.

பாக்கியம் தேங்காய் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, எனக்கில்லை, அண்ணனுக்குப் பதில் சொன்னார். "அதெப்படிண்ணே? இந்த லயத்துப் புள்ளைய வேற எஸ்டேட்டு ரேசன் கார்டுல எழுதுன கணக்கால்ல ஆயிரும்? நாளைக்கு அது ஆரு புள்ளைன்னு கேட்டா ஆரு சொல்லுதது?"

நான் ஆணின் சீட்டில் அந்த ஓடையின் பெயரை எழுதினேன். எலப்புள்ளிப் பாட்டிலை எடுத்துப் பையின் இன்னொரு மூலையில் தனியாக வைத்தேன். வீரம் எல்லாம் இல்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொய் எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலையே ஜீப்பில் தேவிகுளம் ஏறி, திங்கட்கிழமை வந்த வழியே திரும்பினோம். தேவிகுளத்தில் 6:30க்கு ஏறி எலப்புள்ளியில் இறங்கும்போது மாலை 5:50. பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தேன். ஃபார்மலினில் கால் மொறமொறப்பாகிவிடும், ஒரு குலுக்கலில் இடது காலும் கழன்றுவிட்டால் அவ்வளவுதான். வளைவுகளில் அண்ணன் இரண்டு கையாலும் பாட்டிலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வாந்தி வந்தபோதும் கையை எடுக்கவில்லை. அதன் விளைவை என் சேலைதான் அனுபவித்தது.

பேராசிரியர் புதன்கிழமை முழுக்கப் பார்த்தார். வியாழக்கிழமையும் பார்த்தார். பிறகு வெளியூரிலிருந்து பழைய புத்தகம் ஒன்றை வரவழைத்தார். ஒரு மாதம் கழித்துச் சொன்னார்: எலப்புள்ளிக் கொஞ்சு புதிதல்ல, எப்போதோ யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். என் இரண்டு வருடம் போயிற்று. மலை இறால் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"இந்த வலது கால் இதோடதுதானா?" என்று கேட்டார்.

"ஒடிஞ்சப்போ நான் பக்கத்துல நின்னேன் சார்."

ஒடிந்த முனைகளை நுண்ணோக்கியில் சேர்த்துப் பார்த்தோம், பொருந்தின. ஆனாலும் தனியாக இருக்கும் காலை மட்டும் நம்பி இனம் சொல்ல முடியாது என்றார். உடம்போடு ஒட்டியிருக்கும் இடது காலை வைத்துத்தான் அளவுகள் எல்லாம் எடுத்தோம். அண்ணன் அந்த ஓடையில் இறங்கத் தாமதித்திருந்தால் புது இனமும் இல்லை, நானும் இல்லை. இதை வீட்டில் சொன்னதிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. கொள்ளுப்பேரன் எடுத்த பிறகும், வருகிற விருந்தாளிகளிடம் "நம்ம புள்ள கண்டுபிடிச்ச எறாலுக்கு ஒரு காலு நாங்குடுத்ததுங்க" என்கிறார். அப்பா அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தீபாவளி வரை தவணை நீட்டினார். அக்டோபரில் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

இனி போகிறவர்களுக்கு. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு வழியாகத் தேவிகுளம் ஏறக்குறைய 165 கிலோமீட்டர். ரோடு இப்போது எவ்வளவோ மேல். காட்டுச் சாவடியில் மாலைக்குமேல் வண்டியை விடமாட்டார்கள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். யானை நின்றால் டிரைவர் பேச்சைக் கேளுங்கள். ஏலக்காட்டில் அட்டை உண்டு, உப்பு எடுத்துப் போங்கள். மழைக்கு முன், ஏப்ரல் மே மாதத்தில் போனால் ஓடை தெளிவாக இருக்கும். ஓடையில் இறால் பார்த்தால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். மீன்தொட்டி வியாபாரத்துக்கு வாரிக்கொண்டு போகிறவர்கள் இப்போது அதிகம், அதனால்தான் ஓடையின் பெயரையும் இறாலின் பெயரையும் எழுதவில்லை. ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகள் வனத்துறை அனுமதியோடு போங்கள். போய், முதலில் வாயைத் திறந்து, காலை ஒடிக்காதீர்கள் என்று சொல்லுங்கள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருக்காதீர்கள். பிடித்தவற்றைக் குழம்பு வைக்கிறவரிடமும் காட்டுங்கள்.

அந்த இறால் இப்போது ஒரு அருங்காட்சியகத்தில் பாட்டிலில் இருக்கிறது. கட்டுரையில் பிடித்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. ஞானமுத்து, பாக்கியம் பெயர்களை நன்றியுரையில் எழுதியிருந்தேன், இடமில்லை என்று பத்திரிகையில் வெட்டிவிட்டார்கள். நான் அதற்காகச் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அதே கட்டுரையில் ஒரு வரி உண்டு: வலது இரண்டாம் கால் உடலிலிருந்து பிரிந்து தனியாக உள்ளது. சில வருடங்களுக்கு முன் ஒரு இளம் ஆராய்ச்சியாளர் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதிக் கேட்டார், அந்தக் கால் எப்படிப் பிரிந்தது என்று. சேகரிக்கும்போது சேதமானது என்று பதில் போட்டேன். அப்படித்தான் எழுத வேண்டும், அதுதான் முறை.

சேதமாகவில்லை. என் கையைக் கடித்துவிடுமே என்று ஞானமுத்து ஒடித்தார்.